கனடா வீட்டின் பேஸ்மென்ட் ஃபர்னஸ்... அந்த ஃபில்டரை மாற்றுவது யார் வேலை?

'ஃபர்னஸ்' என்றதும் நம்மூரில் பலருக்கு இரும்பை உருக்கும் ஆலைதான் ஞாபகம் வரும். டொரன்டோ, பிராம்ப்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கிவிட்டு வந்த அப்பா அம்மாக்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே பெரும்பாலான தனி வீடுகளில் ஒரு ஃபர்னஸ் உண்டு. பேஸ்மென்ட் மூலையில், வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில், சின்ன பீரோ மாதிரி நிற்கும். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தரையில் இருக்கும் துளைத் தட்டு வழியாக வெதுவெதுப்பான காற்று வரும். வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும், வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், கடந்த சில ஆண்டுகளாக ஒன்டாரியோ மாகாணத்தில் இதைச் சுற்றியே மூன்று பெரிய செய்திகள். 2023, 2025 கோடைகளில் காட்டுத்தீப் புகை நகரங்களை மூடியபோது, 'ஃபர்னஸில் நல்ல ஃபில்டர் போடுங்கள்' என்று சுகாதாரத் துறையே சொன்னது. 2024 ஜூனில், ஃபர்னஸ் வாடகை ஒப்பந்தம் என்ற பெயரில் வீட்டுப் பத்திரத்தில் கடன் பதிவு போடும் வழக்கத்துக்கு அரசு முடிவு கட்டியது. 2026 ஜனவரி 1 முதல், கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றிய விதிகள் கடுமையாகியிருக்கின்றன.

புகை, மோசடி, விஷவாயு. மூன்றும் தனித்தனிச் செய்திகள் மாதிரிதான் தெரிகின்றன. ஆனால் மூன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கவனிப்பது யார் பொறுப்பு? மேலே ஓனர், கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு மாணவர்கள் என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வீடுகளில், இந்தக் கேள்விக்குப் பல நேரம் பதிலே இல்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஃபர்னஸின் வேலை எளிமையானது. வீட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு குழாய் வழியாக உள்ளே இழுக்கும். கேஸ் எரியும் சூட்டில் அதைச் சூடாக்கும். வேறு குழாய்கள் வழியாக அறைகளுக்குத் திருப்பி அனுப்பும். இங்கே முக்கியமான விஷயம் ஒன்று: எரியும் நெருப்பும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' என்ற உலோக அறை இருக்கிறது. நெருப்பின் புகை அதற்குள்ளேயே சுற்றி, தனிக் குழாயில் வீட்டுக்கு வெளியே போய்விடும். நம் காற்று அந்த உலோகத்தின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடாகும்.

உள்ளே இழுக்கப்படும் காற்று முதலில் கடக்கும் இடத்தில்தான் ஃபில்டர் இருக்கிறது. அட்டைச் சட்டம் போட்ட, விசிறி மடிப்பு வைத்த ஒரு துணி மாதிரி. சாதாரண ஒரு இஞ்ச் ஃபில்டரின் விலை 10 முதல் 30 டாலர். நிறைய பேர் இது நம் நுரையீரலுக்காக என்று நினைக்கிறார்கள். முதல் வேலை அதுவல்ல, மெஷினைத் தூசியிலிருந்து காப்பாற்றுவதுதான். நமக்குக் கிடைக்கும் சுத்தமான காற்று அதன் கூடவே வரும் லாபம்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? காற்று போதவில்லை என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை. அது அளவுக்கு மீறிச் சூடாகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் உடனே நெருப்பை அணைத்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். 'என்னடா இது, ஓடுது நிக்குது, ஓடுது நிக்குது, ஆனா வீடு சூடாகவே மாட்டேங்குது' என்று வீட்டில் யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரைத்தான். இதே நிலை வருஷக்கணக்கில் தொடர்ந்தால் அந்த உலோக அறையில் விரிசல் விழலாம். அப்போது மெஷினையே மாற்ற வேண்டிய நிலை வரும். செலவு ஆயிரக்கணக்கான டாலர்.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. தினமும் தாளிப்பு, வாரம் ஒருமுறை சாம்பிராணி, காலையில் ஊதுபத்தி. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. எண்ணெய்ப் பிசுக்கும் புகைத் துகளும் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் அந்த ஃபில்டரும் ஒன்று. டப்பாவில் 'மூன்று மாதம் வரை' என்று போட்டிருந்தாலும், இப்படிப்பட்ட வீட்டில் அது ஒன்றரை மாதத்திலேயே கறுத்துவிடலாம். அதனால் காலண்டரை நம்பாமல் மாதம் ஒருமுறை உருவிப் பார்ப்பதே நல்லது. நான்கு, ஐந்து இஞ்ச் தடிமனான ஃபில்டர் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை வரும்.

புகை சூழ்ந்த கோடைகள்

2023ல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. அந்த நாட்டின் வரலாற்றிலேயே அப்படி ஒரு வருஷம் இருந்ததில்லை. ஜூன் மாதம் அந்தப் புகை நியூயார்க் வானத்தையே ஆரஞ்சு நிறமாக்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025லும் 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. குளிர்காலச் சாமானாக இருந்த ஃபர்னஸ் ஃபில்டருக்குக் கோடையிலும் மவுசு வந்தது அப்போதுதான். ஏனென்றால், ஏசி ஓடும்போதும் காற்று அதே ஃபர்னஸின் விசிறி வழியாக, அதே ஃபில்டரைக் கடந்துதான் வருகிறது.

இங்கே 'மெர்வ்' என்ற அளவுகோல் வருகிறது. எவ்வளவு சின்னத் துகளை ஃபில்டர் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண். மெர்வ் 8 என்றால் தூசி, மகரந்தம் மாதிரி பெரிய துகள்களை ஓரளவு நன்றாகப் பிடிக்கும். காட்டுத்தீப் புகையின் துகள் அதைவிட மிக நுண்ணியது. 2.5 மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கு மெர்வ் 13 வேண்டும். ஒரு மைக்ரானுக்கும் கீழே உள்ள துகளில் குறைந்தது பாதியை அது பிடித்துவிடும். கனடா சுகாதாரத் துறை சொல்வதும் இதைத்தான். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் சொல்கிறது: உங்கள் ஃபர்னஸ் அதைத் தாங்கினால் மட்டும்.

அந்த நிபந்தனையைத்தான் பலர் படிப்பதில்லை. கடைக்குப் போனோம், இருப்பதிலேயே பெரிய நம்பரை எடுத்தோம், மாட்டினோம் என்று வந்துவிடுகிறார்கள். ஃபில்டர் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சிரமப்பட்டுத்தான் காற்று உள்ளே வரும். பழைய ஃபர்னஸில், ஒரு இஞ்ச் இடத்தில், மெர்வ் 13ஐ மாட்டினால் அழுக்கடைந்த ஃபில்டர் செய்யும் கெடுதலை அது புதிதாக இருக்கும்போதே செய்யக்கூடும். கோடையில் ஏசியின் காயில் ஐஸ் கட்டிக்கொள்வதும் இதனால் நடக்கும். அதனால் பெரிய நம்பருக்குப் போகும் முன், ஆண்டு சர்வீஸுக்கு வரும் டெக்னீஷியனிடம் 'இந்த மெஷினுக்கு எவ்வளவு வரை போகலாம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தடிமனான ஃபில்டர் வைக்க இடமிருந்தால் பிரச்னை பாதி தீர்ந்தது. ஏனென்றால் மடிப்பு அதிகம், காற்று போக வழியும் அதிகம்.

இன்னொன்று, விசிறி ஓடினால்தான் ஃபில்டர் வேலை செய்யும். புகை நாட்களில் தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'னுக்கு மாற்ற வேண்டும். புகை முடிந்ததும் அந்த ஃபில்டரை எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

வாசனையே இல்லாத ஆபத்து

நம்மூர் சிலிண்டர் கேஸ் மாதிரியே அங்கே குழாயில் வரும் கேஸுக்கும் வாசனை சேர்த்திருப்பார்கள். கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஆனால் கேஸ் சரியாக எரியாமலோ, புகை வெளியேறும் வழி அடைபட்டோ வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் லாரி ஹாக்கின்ஸ் என்ற பெண் போலீஸ் அதிகாரி, கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இதனால் இறந்துபோனது. கேஸ் கணப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. லாரியின் மாமா ஜான் கிக்னாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் ஓயாமல் நடத்திய பிரசாரத்தின் பலனாக 2013ல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது.

அதற்குப் பின் வந்த விதிப்படி, ஏற்கெனவே கட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் இருந்தால் போதும். 2026 ஜனவரி 1 முதல் அது போதாது. கேஸில் இயங்கும் சாதனமோ, கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கையறை இல்லாத தளம் உட்பட ஒவ்வொரு தளத்திலும் அலாரம் வேண்டும். புது விதியில் இன்னொரு வரியும் உண்டு. உங்கள் பகுதிக்குள் ஃபர்னஸ் இல்லை, ஆனால் வேறு இடத்தில் இருக்கும் ஃபர்னஸின் சூடான காற்று உங்களுக்கு வருகிறது என்றாலும் அலாரம் கட்டாயம். வாடகை வீடு என்றால் அதை மாட்டிப் பராமரிக்க வேண்டியது ஓனர்தான்.

'ஃபில்டர் அழுக்கா இருந்தா கார்பன் மோனாக்சைடு வருமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நேரடியாக வராது. ஆனால், ஃபில்டரையே பார்க்காத வீட்டில் வேறு எதையும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் கவலை. புது வகை ஃபர்னஸ்களின் புகை கூரைக்குப் போவதில்லை. பக்கச் சுவர் வழியாக இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே வரும். ஒன்று காற்றை உள்ளே எடுக்க, மற்றது புகையை வெளியே விட. பெரும்பாலும் தரையிலிருந்து கொஞ்ச உயரத்திலேயே இருக்கும். பனிப்புயல் அடித்த மறுநாள் டிரைவ்வேயைச் சுத்தம் செய்கிறோம், காரைச் சுத்தம் செய்கிறோம். அந்தக் குழாய் வாயில் குவிந்த பனியை யார் தள்ளுவது? பெரும்பாலும் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். பாதுகாப்பு சுவிட்ச்சும் பழுதாகியிருந்தால்தான் விபரீதம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். காய்ச்சல் மட்டும் இல்லை. வெளியே போனால் சரியாகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்ப வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் அதை 'குளிர் ஒத்துக்கலை' என்று தள்ளிவிடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியேறி, 911க்கு போன் செய்ய வேண்டும். அலாரம் அடித்தாலும் இதேதான். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்காரக் கூடாது.

கரன்ட் போனால் ஃபர்னஸும் நின்றுவிடும். அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் டொரன்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் கரி அடுப்பையோ, பார்பிக்யூவையோ, ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜிலும் வைப்பது உயிருக்கே உலை வைக்கும் காரியம்.

கதவைத் தட்டும் வியாபாரம்

ஜனவரி இரவில் ஃபர்னஸ் நின்றுபோனால் மனிதர்கள் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு கும்பலுக்கு அந்தப் பயம்தான் மூலதனம். 'உங்க ஃபர்னஸ் பழசு, ஆபத்து. அரசாங்கத் திட்டத்துல புதுசு தர்றோம், கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம், மாசா மாசம் கட்டினா போதும்.' கேட்க இனிமையாக இருக்கும். அது பல வருஷ வாடகை ஒப்பந்தம் என்பதும், முடித்துக்கொள்ளப் பெரும் தொகை கட்ட வேண்டும் என்பதும் பிறகுதான் தெரியும்.

இதைவிடக் கொடுமை, 'நோசி' எனப்படும் பதிவு. ஒப்பந்தக்காரர் உங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேல் சத்தமில்லாமல் ஒரு உரிமைப் பதிவு போட்டுவிடுவார். வீட்டை விற்கப் போகும்போதுதான் வெளியே வரும். மாட்டிக்கொண்டவர்களில் முதியோரும் ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் நிறைய. 2024 ஜூனில் வந்த சட்டம், வீட்டு உபயோகப் பொருள்களுக்கு இப்படிப் புதிதாகப் பதிவு போடுவதைத் தடை செய்தது. பழைய பதிவுகளும் காலாவதி ஆனதாக அறிவித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பதிவுதான் செல்லாது. வாடகை ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடாது.

2018 மார்ச் 1 முதலே, நாம் கூப்பிடாமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர், டக்ட் கிளீனிங் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் போடுவது ஒன்டாரியோவில் சட்டவிரோதம். அதனால் வாசலில் நிற்பவர் எந்த அடையாள அட்டையைக் காட்டினாலும், 'வேண்டாம்' என்று கதவைச் சாத்துவது மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். 'யார் வந்தாலும் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, கேஸ் பில்லைக் காட்டாதீங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.'

மேலே ஓனர், கீழே குடித்தனம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஸ்கார்பரோ, பிராம்ப்டன் பகுதிகளில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவது சர்வசாதாரணம். வீட்டுக் கடன் வட்டியைச் சமாளிக்க ஓனருக்கு அது வேண்டும். மேலே ஒரு அபார்ட்மென்ட் எடுக்க வசதியில்லாத மாணவருக்கும், புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கும் அது வேண்டும். ஆனால் ஃபர்னஸ் இருப்பது கீழே, தெர்மோஸ்டாட் இருப்பது மேலே. மேலே மீன் குழம்பு கொதித்தால் கீழே வாசம் வருகிறது. காற்று ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஓனர் நினைக்கிறார், 'ஃபர்னஸ் அவங்க பக்கம்தானே இருக்கு, பார்த்துக்குவாங்க.' வாடகைக்காரர் நினைக்கிறார், 'அடுத்தவங்க மெஷின்ல நாம ஏன் கை வைக்கணும்?' இரண்டும் நியாயமாகவே தோன்றும். நடுவில் ஃபில்டர் இரண்டு வருஷமாக அப்படியே கிடக்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி வீட்டையும் அதன் சாதனங்களையும் நல்ல நிலையில் வைத்திருப்பது ஓனரின் கடமை. குளிர்காலத்தில் சூடு என்பது அடிப்படைச் சேவை. அதை நிறுத்தக் கூடாது. ஆனால் ஓனரோடு ஒரே சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு தங்குபவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது. ஒற்றை அறையில் தங்கும் மாணவர்கள் பலர் இந்த வகைதான். அவர்களுக்கும் அலாரம் விதி மட்டும் நிச்சயம் பொருந்தும். அது தீயணைப்பு விதி.

அலாரத்துக்குச் சட்டம் போடலாம். மோசடிக்கும் போடலாம். மாதம் ஒருமுறை படி இறங்கிப் போய் ஒரு அட்டையை உருவிப் பார்க்க எந்த அரசாங்கமும் ஆள் அனுப்பாது. அதை வீட்டுக்குள்தான் பேசி முடிக்க வேண்டும். பேசும்போது இந்தப் பிரிவினை உதவும்:

யார் வேண்டுமானாலும் செய்யலாம்: ஃபர்னஸின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரை மாற்றுவது. பழையதன் சட்டத்தில் அச்சிட்ட அளவையே வாங்குவது. அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்கும்படி வைப்பது. பனிக்குப் பின் வெளிக்குழாய்களைப் பார்ப்பது. ஃபர்னஸைச் சுற்றி துணி, பெயின்ட், பெட்ரோல் டப்பா இல்லாமல் வைப்பது. அலாரத்தின் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது, அதன் காலாவதி தேதியைக் கவனிப்பது.

ஓனர் செய்ய வேண்டியது: அலாரம் மாட்டுவது, ஃபில்டருக்கான செலவு, குளிர் தொடங்கும் முன் வருஷம் ஒருமுறை சர்வீஸுக்கு ஏற்பாடு. வாடகைக்காரரே ஃபில்டரை மாற்றுகிறார் என்றால் அதை எழுத்தில் வைத்து, ஃபில்டரை வாங்கிக் கொடுத்துவிடுவது.

லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டியது: கேஸ் குழாய், பர்னர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் சம்பந்தப்பட்ட எல்லாமே. ஒன்டாரியோவில் இவர்களுக்கு உரிமம் தருவது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு. 'தெரிஞ்ச பையன் ஒருத்தன் கம்மியா செஞ்சு தருவான்' என்ற பேச்சே இங்கே வேண்டாம். டெக்னீஷியன் 'ஆபத்து' என்று சிவப்பு அட்டை மாட்டினால் அதை மதியுங்கள். ஆனால் அதே மூச்சில் புது ஃபர்னஸ் விற்க ஆரம்பித்தால், இன்னொரு லைசென்ஸ்காரரையும் வரவழைத்துக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை ஃபர்னஸ் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஃபில்டரின் அளவு, கடைசியாக மாற்றிய தேதி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி, அதற்கு நேராக ஒரு பெயர். மேலே இருப்பவர் பெயரோ, கீழே இருப்பவர் பெயரோ, யாராவது ஒருவர் பெயர். 'நாம பார்த்துக்கலாம்' என்று பொதுவாகச் சொன்ன வேலையை யாரும் பார்ப்பதில்லை என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாததா என்ன?